பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து

நோன்புப் பெருநாளின் மறுநாள் என் தங்கையின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். வட்டிலப்பத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "மாமா, உங்களிட்ட ஒரு கணக்குக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். எங்கள் குடும்பத்தில் கணக்கைத் தவிர வேறெதையும் என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஆகவே பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் பொதுசனத் தொடர்புப் பிரிவில் 11 வருடங்களாக வேலை செய்கிறாள். பில் தொகையைப் பார்த்துக் கொதித்துப் போனவர், தகப்பனின் மையித்தை எடுத்துப் போகக் காத்து நிற்பவர், கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே கேள்வி கேட்பவர் என எல்லோரும் அவளுடைய மேசைக்குத்தான் வருவார்கள். மூன்று மொழியிலும் பதில் சொல்லுவாள். கடந்த நான்கு வருடமாக வார இறுதியில் ஒரு நிறுவகத்தில் இதே பாடத்தைப் படித்தும் கொடுக்கிறாள். அதற்குப் பெயர் வருகைதரு விரிவுரையாளர். சம்பளம் மணித்தியாலக் கணக்கில். வகுப்பு இல்லாத மாதத்தில் அதுவும் இல்லை.

"எனக்குப் படிச்சுக் குடுக்கத்தான் விருப்பம் மாமா. ஆனா முதுமாணி இல்லாம நிரந்தரமா எடுக்க மாட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம். ஆறு லட்சம் முடியும். வேலையையும் பாதி நேரமாக் குறைக்க வேணும். இது லாபமா நட்டமா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நமது வியாபாரிகள் பலர் தங்கள் பிள்ளைகளை இப்படியான கற்கைநெறிகளுக்கு அனுப்புவதாலும், அனுப்பும் முன் எதையும் விசாரிக்காததாலும் இந்த வாரம் இதையே எழுதுகிறேன்.

முதலில் என் கை சுட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். 2017 இல் என் இரண்டாவது மகனை 'பொதுசனத் தொடர்பும் விளம்பரமும்' என்ற டிப்ளோமாவுக்குச் சேர்த்தேன். ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, சுவரில் இலண்டன் நகரப் படம். படிப்பு முடிந்ததும் தங்க எழுத்தில் சான்றிதழ் தந்தார்கள். மறுவருடம் கட்டாரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது, இந்த நிறுவனம் உங்கள் நாட்டில் எங்கே பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று அங்கிருந்து கேட்டார்கள். விசாரித்துப் பார்த்தால் எங்கேயும் இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு மாத்திரம் இருந்தது. அதாவது என் புடவைக் கடைக்கு எது இருக்கிறதோ அதுதான் அந்தக் கல்லூரிக்கும் இருந்தது.

இந்நாட்டில் தொழிற்கல்வி வழங்கும் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம். ஒரு தொலைபேசி அழைப்பில் நான் இதை அறிந்திருக்கலாம். புடவைச் சுருளின் அகலத்தை அங்குலக் கோல் வைத்து அளக்கிறவன், சாயம் போகிறதா என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறவன், பிள்ளையின் சான்றிதழை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். அந்தத் தங்க எழுத்து இப்போது பழைய காசோலைப் புத்தகங்களோடு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்நாட்டில் மாணிக்கக்கல் விற்க வேண்டுமானால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டத்தரணி, வைத்தியர் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றித் தருகிறேன், பத்திரிகைகளிடம் உங்களுக்காகப் பேசுகிறேன் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். விசிட்டிங் கார்ட் அடிக்கிற செலவு மட்டும்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அல்ல. இந்தத் தொழிலைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான எட்வர்ட் பேர்னேஸ் என்ற அமெரிக்கர் தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் இதைத்தான் சொல்லிச் சொல்லிக் களைத்தார். வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் இருப்பதைப் போல் பொதுசனத் தொடர்பாளருக்கும் அரசாங்க அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1995 இல் 103 வயதில் மரணிக்கும்வரை அது நிறைவேறவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 1923 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பொதுசனத் தொடர்பை ஒரு பாடமாக முதன்முதலில் படிப்பித்தவர் இதே மனிதர்தான். அவர் கையில் அப்போது இருந்த பட்டம் எதில் தெரியுமா? விவசாயத்தில். கோர்னல் பல்கலைக்கழகத்தில் 1912 இல் பெற்றது. முதல் ஆசிரியருக்குத் தகைமைச் சான்றிதழ் கொடுக்க உலகத்தில் ஆளே இருந்திருக்காது என்பது உண்மைதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே பேர்னேஸ் 1929 இல் ஒரு சிகரட் கொம்பனிக்காக, நியூயோர்க் தெருவில் இளம்பெண்களைச் சிகரட் பற்றவைத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடக்க வைத்தார். அதைப் பெண் சுதந்திரம் என்று பத்திரிகைகளில் வரச் செய்தார். அனுமதிப்பத்திரம் கேட்ட மனிதரின் கணக்கிலேயே இப்படியொரு பற்று இருக்கிறது. தகைமையும் நேர்மையும் ஒரே பையில் வருவதில்லை.

சில நாடுகள் சட்டம் போட்டே பார்த்தன. பிரேசில் 1967 இல் சட்டம் கொண்டுவந்து, அதற்குரிய பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரே இந்தத் தொழிலின் பெயரைப் பாவிக்கலாம் என்றது. நைஜீரியா 1990 இல் தன் பொதுசனத் தொடர்பு நிறுவகத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. அமெரிக்கா அந்த வழியில் போகவில்லை. பேச்சுக்கு லைசன் கொடுப்பது அங்கே அரசியலமைப்போடு முட்டும். எனவே அங்குள்ள பொதுசனத் தொடர்புச் சங்கம் 1964 இல் விரும்பியவர் எடுக்கும் ஒரு தராதரத்தை ஆரம்பித்தது. அதை எடுத்தவர் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துப் போட்டுக்கொள்ளலாம், எடுக்காதவரும் தொழில் செய்யலாம். பிரித்தானியாவில் 1948 இல் தொடங்கிய நிறுவகத்துக்கு 2005 இல் அரச பட்டயம் கிடைத்தது. பட்டயக் கணக்காளர் என்பதைப் போல அங்கே இப்போது பட்டயப் பொதுசனத் தொடர்பாளர் என்று ஒருவர் இருக்கலாம்.

நான் அனுமதிப்பத்திரத்துக்கு ஆதரவானவன் அல்ல. காரணம் எளிமையானது. 2013 இல் ஹலால் இலச்சினை விவகாரத்தில் நமது வியாபாரிகள் தங்கள் பக்க நியாயத்தைச் சொல்லத் தட்டுத்தடுமாறினார்கள். அன்று அரசாங்கத்தின் லைசன் பெற்றவர்தான் ஒரு கடைக்காகப் பேசலாம் என்ற நிலை இருந்திருந்தால் தட்டுத்தடுமாறக்கூட வாய்ப்பு இருந்திராது. ஆனால் அமெரிக்கர்களின் அந்தத் தராதரப் பரீட்சையில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கேள்வித்தாளுக்கு முன்னால், ஏற்கெனவே தராதரம் பெற்ற மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மேசைக்கு விண்ணப்பதாரி போக வேண்டும். தான் உண்மையில் செய்த ஒரு வேலையை அவர்கள் முன் வைத்து, ஏன் இப்படிச் செய்தேன், என்ன பலன் கிடைத்தது என்று விளக்க வேண்டும். இதற்கு வருவதற்கு முன் ஐந்து வருட அனுபவமாவது இருப்பது நல்லது என்று சிபாரிசும் செய்கிறார்கள். எடுத்த பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

மேசை என்றதும் எனக்கு என் வாப்பாவின் ஞாபகம் வருகிறது. அவர் பேருவளை சீனங்கோட்டையில் கல் தரகர். படித்தது ஐந்தாம் வகுப்பு. கல்லை விரலிடுக்கில் பிடித்து வெயிலுக்குக் காட்டி ஒரு தடவை திருப்புவார். விலை சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தக் காலத்தில் கெவுடா என்ற பால் நிறக் கல்லை எங்கள் ஊரில் யாரும் கணக்கெடுப்பதில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைச் சாக்கோடு அள்ளிப் போனார்கள். எதற்கு என்று நம்மவர்கள் சிரித்தார்கள். 1,500 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் வைத்தால் அது நீல மாணிக்கமாக மாறும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. வாப்பா தன் கையால் கொடுத்த கல், நீலமாகித் திரும்பி வந்து, அவர் கண் முன்னாலேயே பத்து மடங்கு, இருபது மடங்கு விலைக்குப் போனது. சூடு வைத்த கல் எது, வைக்காத கல் எது, செயற்கைக் கல் எது என்று வெயிலில் பிடித்துப் பார்த்துச் சொல்ல முடியாத காலம் வந்துவிட்டது.

அதன் பிறகுதான் எங்கள் ஊர்ப் பொடியன்கள் இரத்தினக்கல்லியல் படிக்கத் தொடங்கினார்கள். நுணுக்குக்காட்டி வாங்கினார்கள். இலண்டன் பரீட்சை எழுதினார்கள். வாப்பா முதலில் பரிகாசம் செய்தார். பிறகு பெரிய கல் வந்தால் தானே அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஆனால் பரீட்சை மாத்திரம் பாஸ் பண்ணிவிட்டு ஒரு நாளும் சந்தையில் உட்காராத ஒரு பொடியன் இருந்தான். கல் என்ன கல் என்று துல்லியமாகச் சொல்லுவான். என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பான். இந்த இரண்டு குறையையும் நான் சிறு வயதிலேயே பார்த்துவிட்டேன்.

பொதுசனத் தொடர்பிலும் இதே இரண்டு குறைகள் உண்டு. என் கடையிலேயே கண்டேன்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டி இருக்கிறது, அது மலட்டு மாத்திரை என்று சத்தம் போட்டார்கள். காசாளராக இருந்தவருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. கூட்டம் சூழ்ந்து நின்று கேட்டபோது பயத்தில் ஆம் என்ற மாதிரித் தலையை ஆட்டிவிட்டார். அது வீடியோவாக நாடு முழுவதும் போனது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுச்சத்துக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னது பிறகு. அந்த இரவு வந்தவர்களில் பலர் பதில் கேட்க வந்தவர்கள் அல்லர், காசாளர் எவ்வளவு அழகாகச் சிங்களம் பேசியிருந்தாலும் கல் எறிந்தே இருப்பார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலையாட்டலை நம்பியவர்கள், கல் எறியாமல் வீட்டிலிருந்து நம்பியவர்கள், இலட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள்தான் நம் வாடிக்கையாளர்கள்.

அடுத்த வாரமே களுத்துறை மாவட்டத்தில் இருக்கும் என் கடைக்கும் ஒரு கதை வந்தது. நான் விற்கும் பெண்களின் உள்ளாடைகளில் ஏதோ மருந்து பூசியிருக்கிறதாம். இருபது வருடமாக வந்துபோன பெண்கள் எதிர்ப் பக்க நடைபாதையால் போனார்கள். ஒரு நாள் விற்பனை நாலாயிரம் ரூபாவுக்கு இறங்கியது. ஒரு நண்பர் சொல்லி ஒரு பொதுசனத் தொடர்பு ஆலோசகரை வரவழைத்தேன். பெயருக்குப் பின்னால் இரண்டு வரிக்கு எழுத்து. அறுபதாயிரம் ரூபா வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுதித் தந்தார். நல்ல ஆங்கிலம். கடைக் கண்ணாடியில் ஒட்டினோம். எங்கள் ஊரில் அதை வாசித்தவர் தபாலதிபர் ஒருவர்தான், அவர் ஆண்.

எங்கள் கடையில் 22 வருடமாக நிற்கும் சிங்கள சகோதரர் ஒருவர் இருக்கிறார். விற்பனையாளர். அவர் ஆலோசகர் இருந்தவரை வாயே திறக்கவில்லை. அவர் போன பிறகு, "முதலாளி, ஸ்டோரைத் திறந்துவிடுங்க" என்றார். ஊரின் குடும்பநல உத்தியோகத்தர் நோனாவைக் கூட்டி வந்தார். மரண உதவிச் சங்கத்தின் பெண்கள் ஐந்து பேரைக் கூட்டி வந்தார். "எந்தப் பெட்டியிலிருந்தும் எதையும் எடுங்க, எங்க வேணுமானாலும் கொண்டுபோய்ச் சோதியுங்க, காசு வேண்டாம்" என்றார். அவர்கள் பெட்டிகளில் இருந்த தொழிற்சாலை லேபலைப் பார்த்தார்கள். பியகமவில் தைத்தது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் மகள் அதே வலயத்தில் வேலை செய்கிறவள். சங்கதி அன்று இரவே ஊர் முழுக்கப் போனது. மூன்றாவது கிழமை வியாபாரம் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. முழுவதும் திரும்ப ஒன்றரை வருடம் இருக்கிறது என்று நினைத்தேன், அதற்குள் 2019 ஏப்ரல் 21 வந்துவிட்டது. அது வேறு கதை.

அந்தச் சகோதரர் செய்ததுதான் உண்மையான பொதுசனத் தொடர்பு. யார் சொன்னால் ஊர் நம்பும் என்று கண்டுபிடித்தார், மறைக்க ஒன்றுமில்லை என்பதைச் சொல்லாமல் காட்டினார். ஆலோசகரிடம் இருந்த புத்தகங்களிலும் இதுதான் எழுதியிருக்கும்.

சரி, இந்த மனிதரை விட்டே நம் பொடியன்களுக்குப் படிப்பிக்கலாமே என்று எனக்கு யோசனை வந்தது. எங்கள் வர்த்தகர் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தோம். 17 கடைகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர் எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னார், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வேறு விதமான பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்று ஒரு பிள்ளை கேட்டது. "அது அந்த நேரத்தில் தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சிரித்தார். அவர் மீது குற்றமில்லை. என் வாப்பாவும் கல்லை எப்படிப் பார்க்கிறீங்க என்று கேட்டால், "பாத்தாத் தெரியும்" என்றுதான் சொல்லுவார். செய்யத் தெரிவது ஒரு தொழில், அதை எடுத்துச் சொல்லத் தெரிவது இன்னொரு தொழில். இதை அன்றைக்குத்தான் நான் உணர்ந்தேன்.

என் மருமகள் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். அவர் உட்கார்ந்த பிறகு அவள் எழுந்து, அவர் சொன்ன ஐந்து நிமிடத்தை எடுத்து ஒன்றரை மணித்தியாலம் பிரித்துக் காட்டினாள். முதலில் யாரைக் கூப்பிட்டார், ஏன் ஊர்த் தலைவரைக் கூப்பிடாமல் குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிட்டார், ஏன் காசு வேண்டாம் என்றார், ஏன் கடை வாசலில் அல்லாமல் ஸ்டோருக்குள் நடத்தினார். பிள்ளைகளை இரண்டு குழுவாக்கி, ஒன்றைக் கோபமான கூட்டமாகவும் மற்றதைக் கடைக்காரராகவும் நடிக்க வைத்தாள், அதையும் சிங்களத்தில். என் கடைக் காசாளர் பொடியன் வியர்த்துப் போனான். அந்தச் சகோதரர் கடைசியில் என்னிடம் வந்து, "முதலாளி, நான் இவ்வளவு யோசித்தேன் என்று எனக்கே தெரியாது" என்றார்.

இப்படியான ஆளைத்தான் படிப்பிக்க எடுக்க வேண்டும். ஆனால் வாசலில் விதி வேறு. நம் நாட்டு அரச பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராக நுழைவதற்குச் சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எதிர்பார்க்கப்படும். உள்ளே போன பிறகும் பட்டப்பின் படிப்பு இல்லாமல் மேலே ஏற முடியாது. வெளியில் வேலை செய்த 11 வருடம், 20 வருடம் அந்தப் பட்டத்துக்கு ஈடாகாது. அமெரிக்காவிலும் இதே முறுகல் நீண்ட காலமாக இருக்கிறது. தொழிலில் நரைத்தவர் மூன்று எழுத்துத் தராதரத்தோடு படிப்பிக்கப் போனால், பல பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பதவிக்குக் கலாநிதிப் பட்டம் கேட்கிறார்கள். தொழிலிலிருந்து வருபவர்களுக்கென்று தனியாக ஒரு பதவியைச் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். அது பக்கத்து வாசல், கௌரவமான பக்கத்து வாசல்.

பல்கலைக்கழகங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி என்று ஒன்று வேண்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து வதந்தி எப்படிப் பரவுகிறது என்று எண்ணிக் கணக்கெடுத்தால்தான் அடுத்த முறை அனுபவம் இல்லாதவனும் தப்பலாம். வாப்பாவின் கண்ணுக்குத் தெரியாததை நுணுக்குக்காட்டி காட்டியது போல. என் ஆட்சேபம் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கீழாகப் பார்ப்பதில்தான். எங்கள் சங்கக் கூட்டத்தில் 'கலாநிதி' என்றால் கடைக்கு ஆகாதவர் என்று அர்த்தம். பல்கலைக்கழகத்தில் 'வியாபாரி' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், சொல்ல விரும்பவில்லை.

தகைமையின் இன்னொரு பயனையும் நம்மவர்கள் யோசிப்பதில்லை. கொடுத்தவர் திருப்பிப் பறிக்கவும் முடியும். பெல் பொட்டிஞ்சர் என்று இலண்டனில் ஒரு பெரிய பொதுசனத் தொடர்பு நிறுவனம் இருந்தது. தென்னாபிரிக்காவில் குப்தா குடும்பத்தின் கொம்பனிக்காக வேலை செய்தபோது, இன வெறுப்பைக் கிளறும் பிரசாரம் நடத்தியதாக அதன் மீது முறைப்பாடு எழுந்தது. 2017 செப்டெம்பரில் பிரித்தானியத் தொழில் சங்கம் விசாரித்து அதை உறுப்புரிமையிலிருந்து நீக்கியது. வாடிக்கையாளர்கள் ஓடினார்கள். அதே மாதத்தில் கொம்பனி முறிந்தது. அங்கே அரசாங்க லைசன் எதுவும் தேவைப்படவில்லை. கல் சந்தையிலும் அப்படித்தான். ஒருமுறை மாற்றுக் கல் கொடுத்த தரகரின் கையில் அடுத்த நாள் யாரும் கல் வைக்க மாட்டார்கள். என் அறுபதாயிரத்தை வாங்கிய ஆலோசகர் மீது முறைப்பாடு செய்ய நானும் இடம் தேடினேன். அவருடைய இரண்டு வரி எழுத்துக்களைக் கொடுத்தவர்கள் எவருக்கும் அப்படி ஒரு விசாரணை மேசை இருக்கவில்லை.

ஆகவே பிள்ளைகளை அனுப்பும் வியாபார நண்பர்கள் பணம் கட்டும் முன் அந்த ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு, கற்கைநெறி எந்த மட்டம் என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று கேளுங்கள். சந்தைப்படுத்தலில் ஆர்வம் என்றால் 1980 இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம் இருக்கிறது. ஊடகத்தின் பக்கத்தைத் தமிழிலேயே படிக்க விரும்பினால் 2004 இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி இருக்கிறது. இதெல்லாம் தாளைப் பற்றிய கேள்வி. இதைவிட முக்கியமான கேள்வி, படிப்பிக்கிறவர் யார் என்பது. அவர் எந்தக் கோபமான கூட்டத்தின் முன்னால் நின்றிருக்கிறார்? முழுவதையும் ஆங்கிலத்தில் படிப்பித்து அனுப்புகிறார்களா, அல்லது சிங்களத்தில் ஒரு பெண் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லப் பழக்குகிறார்களா? இந்தக் கேள்வியைக் கேட்டால் சில நிறுவனங்களின் வரவேற்பு மேசையில் இருப்பவரே தடுமாறிப் போவார். நான் கேட்டுப் பார்த்தேன்.

இனி மருமகளின் கணக்கு. பேனையை எடுத்து எழுதிப் பார்த்தேன். ஆறு இலட்சம் செலவு. பாதி நேர வேலையால் இரண்டு வருடத்தில் இழக்கும் சம்பளம் அதைவிடக் கூட. விரிவுரையாளர் சம்பளம் வைத்தியசாலையில் இப்போது எடுப்பதை விடக் குறைவாகவும் இருக்கலாம். தனியாக அவள் கணக்காகப் பார்த்தால் நட்டம். புடவை என்றால் இறக்குமதி செய்ய மாட்டேன். ஆனால் கணக்கை யாருடைய புத்தகத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2018 மார்ச் மாதத்தில் எங்கள் ஒரு தெருவில் மட்டும் 17 கடைகள் இழந்த வியாபாரத்தைக் கூட்டினால் அந்த ஆறு இலட்சம் ஒரு கிழமைக் காசு. அந்தப் புத்தகத்தில் எழுதினால் இது லாபம். ஆகவே செலவில் ஒரு பகுதி அந்தப் புத்தகத்திலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டு இலட்சம் நான் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறேன், திருப்பித் தர அவசரமில்லை என்று சொல்லி. மிகுதியில் பாதியைச் சங்கத்திடம் கேட்டேன். செயலாளர் ஹாஜியார், "பொம்பளப் புள்ள மேல படிச்சா எங்களுக்கு என்ன வரும்?" என்று கேட்டார். படிக்கும் இரண்டு வருடமும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நமது காசாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் அவள் இலவசமாக வகுப்பு எடுப்பாள், சிங்களத்தில், என்றேன். ஒரு ஆலோசகருக்கு அறுபதாயிரம் கொடுத்த கதையையும் இன்னொரு முறை சொன்னேன், அது அவருக்கும் தெரிந்த கதைதான், ஏனென்றால் அதே ஆலோசகரிடம் அவரும் கொடுத்திருந்தார். வரும் மாதக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

விண்ணப்பப் படிவத்தை மருமகள் பூர்த்தி செய்துவிட்டாள். அவளைப் பற்றி நற்சான்று எழுத இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் அவள் வேலை செய்யும் வைத்தியசாலையின் டொக்டர். மற்றவராக என்னைப் போடலாமா என்று கேட்டாள். சாதாரண தரத்தோடு நிறுத்தியவன் எழுதினால் பல்கலைக்கழகத்தில் செல்லுமா என்று கேட்டேன். விசாரித்துவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறாள்.